கேட்கப் பழகுதல்

உயிர்களை அறிவு வகையால் பகுத்த தொல்காப்பியர், தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல் ஆகிய நான்கற்கும் மேலாகச் செவியறிவை ஐந்தாவதாக வைத்தார். அதனை அடுத்து மனத்தை ஆறாவதாக வைத்தார். செவிக்கும் மனத்துக்கும் உள்ள அணுக்கம் இம்முறைவைப்பால் இனிது விளங்கும். குழந்தை பேச்சுமொழியைத் தாயின் தாலாட்டிலும் வீட்டாரின் உரையாடலிலும் கேட்டுக் கேட்டே கற்கிறது. ஆதலால், பிறவியிலேயே செவிகேளாக் குழந்தைக்குப் பேச்சு எளிதில் வருவதில்லை. நாவிலும் தொண்டையிலும் குறை ஒன்றும் இல்லாதிருந்தும், கேட்டறியாத ஒலியை அஃது எங்ஙனம் ஒலிக்கும்?

செவிப்பறையில் மோதும் ஒலி, மூன்று சிற்றெலும்புகளின் வழியே உட்செவியை அடைகிறது. அங்கே நத்தைக்கூடு போல ஏறத்தாழ இரண்டரைச் சுற்றாகச் சுருண்ட உறுப்பொன்று உள்ளது; அதனைக் காக்ளியா என்பர். அதனுள் அமைந்த நுண்ணிய மயிரணுக்கள் ஒலியசைவை மின்துடிப்பாக மாற்ற, நரம்பு அதனை மூளைக்குக் கொண்டு செல்கிறது. சுருளின் அடிப்பகுதி கீச்சொலியையும், உச்சிப்பகுதி கட்டையொலியையும் ஏற்கும். இம்மயிரணுக்கள் பெரிதும் பழுதுற்றால், ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரணக் காதுக்கருவியால் விளையும் பயன் மிகச் சிறிதே. எனினும், நரம்பு நலமாக இருப்பின், மயிரணுக்களின் வேலையை மின்சாரத்தைக் கொண்டு செய்விக்கலாகாதா என்று அறிஞர் ஆராய்ந்தனர்.

1957ஆம் ஆண்டில் பாரிசு நகரத்தில் அதற்கான முதல் முயற்சி நடந்தது. ஆசுத்திரேலிய மருத்துவர் கிரீம் கிளார்க் என்பவர் செவித்திறன் குன்றிய தந்தைக்கு மகனாய்ப் பிறந்து, அக்குறையால் விளையும் துன்பத்தை இளமையிலேயே கண்டவர். நத்தைச் சுருளுக்குள் மின்கம்பியைக் காயம் விளையாமல் நெடுந்தொலைவு செலுத்துவது எவ்வாறு என்பதே அவர்க்குப் பெருஞ்சிக்கலாய் இருந்தது. 1977ஆம் ஆண்டில் கடற்கரையில் அமர்ந்திருந்த அவர், ஒரு கிளிஞ்சலின் சுருளுக்குள் புல்லின் இதழை நுழைத்துப் பார்த்தார். நுனி துவண்டும் அடி சற்று விறைத்தும் இருந்த புல், வளைவுதோறும் வளைந்து உள்ளே சென்றது. கம்பியையும் அவ்வாறே அமைத்து, 1978ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரில் ஒருவர்க்குப் பொருத்தி வெற்றி கண்டார்.

காக்ளியர் கருவி இரு பகுதிகளை உடையது. காதின் பின்புறம் மாட்டிக்கொள்ளும் புறக்கருவி ஒலியை வாங்கி, மின்குறிப்பாக ஆக்குகிறது. அதனோடு இணைந்த வட்டவில்லை, தோலின்மேல் காந்தத்தால் ஒட்டி நின்று, தோலுக்கு உள்ளே அறுவையால் வைக்கப்பெற்ற அகக்கருவிக்கு அக்குறிப்பை அனுப்புகிறது. அகக்கருவியினின்றும் புறப்படும் மெல்லிய இழையில், கருவியின் வகைக்கேற்ப 12 முதல் 22 வரை மின்முனைகள் உள்ளன. பல்லாயிரம் மயிரணுக்கள் ஆற்றிய தொழிலை இச்சில மின்முனைகளே ஆற்ற வேண்டும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், ஆறு வயதுக்கு உட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு இவ்வறுவை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இஃது நடைபெறுகிறது. இளமையிலேயே செய்தல் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. முதல் சில ஆண்டுகளிலேயே மூளை ஒலிக்கு இடம் அளித்துப் பழகுகிறது. அப்பருவம் கழிந்தால் அவ்விடத்தைப் பிற புலன்கள் பற்றிக்கொள்ளும்.

நாங்குநேரி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இக்கருவி பொருத்தப்பெற்ற சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். அறுவை முடிந்து சில வாரங்கள் கழித்தே கருவி இயக்கப்படும். அன்று அவள் செவியில் விழுவது பேச்சன்று. பொருள் விளங்காத ஓசையே. சில குழந்தைகள் அஞ்சி அழுவதும் உண்டு. பிறகு, அவளுக்கு ஏற்ற அளவில் மின்னோட்டத்தை அடிக்கடி திருத்தி அமைப்பர். இதனை மேப்பிங் என்பர். அதற்காகவும் பேச்சுப் பயிற்சிக்காகவும் தாய் அவளை அழைத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வடக்கே உள்ள நெல்லைக்குப் பலமுறை பேருந்தில் செல்ல வேண்டும். அந்நாட்களில் வயல் வேலையின் கூலி போய்விடும். அறுவைக்குக் கட்டணம் இல்லையாயினும், இவ்விழப்பை ஏழைக் குடும்பமே தாங்குகிறது.

முன்னர் அவள் பிறர் உதட்டைப் பார்த்தே பேச்சை உய்த்துணர்ந்தாள். 'படி' என்றாலும் 'மடி' என்றாலும் இதழ் ஒருவாறே பொருந்துவதால், கண்ணுக்கு அவ்விரண்டும் ஒன்றே. இப்பொழுது வேறுபாடு மெல்ல மெல்லப் புலப்படுகிறது. 'பல்', 'பால்' என்னும் குறில் நெடில் வேறுபாடு விரைவில் பிடிபடும். லகர, ழகர, ளகரங்களைப் பிரித்தறியப் பெரும்பயிற்சி வேண்டும்.

நாள்தோறும் காலையில், ஈரம் போக்கும் பெட்டியிலிருந்து கருவியை எடுத்து மாட்டியதும், 'ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ்' என்னும் ஆறு ஒலிகளைத் தாய் தன் வாயை மறைத்துக்கொண்டு ஒலிப்பாள். மகள் திருப்பிச் சொல்வாள். கட்டையொலி முதல் கீச்சொலி வரை எல்லாம் கேட்கின்றன என்பதற்கு இதுவே சோதனை. வியர்வையும் புழுதியும் கருவிக்குப் பகை. ஆடி மாதத்தில் அப்பகுதியின் காற்றாலைகளைச் சுழற்றும் பெருங்காற்று, கருவியில் இரைச்சலாய் மோதிப் பேச்சை விழுங்கிவிடும். குளத்தில் குளிக்கும்போதும் உறங்கும்போதும் கருவியைக் கழற்றுவாள். அப்பொழுது உலகம் மீண்டும் ஓசையற்றதாகிவிடும். மின்கலம் தீர்ந்தாலும், கம்பி ஒன்று அறுந்தாலும் அதுவே நிலை. தலையில் வலிய அடி படாமல் காத்தலும், காந்தப்படச் சோதனைக்கு முன் மருத்துவரிடம் கருவியைப் பற்றி உரைத்தலும் இன்றியமையாதன.

இக்கருவி எல்லோர்க்கும் பொருந்துவதன்று. பொருந்தினும் எல்லோர்க்கும் ஒரே பயனைத் தருவதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளோரன்சு சுவைன்சன் அம்மையார் பாளையங்கோட்டையில் தொடங்கிய செவித்திறன் குன்றியோர் பள்ளி, இக்கருவி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அக்குழந்தைகளுக்குக் கல்விக் கதவைத் திறந்தது. கையசைவால் பேசும் சைகைமொழியும் இலக்கண வரம்புடைய மொழியே. அதனைப் பேசுவோரை அறிவிற் குறைந்தோராகக் கருதுதல் அறியாமை.

வகுப்பறையில் நாற்பது குரல்கள் ஒருசேர எழும்போது, ஆசிரியரின் குரலைப் பிரித்துக் கேட்பது கருவி அணிந்த மாணவிக்கு மிக அரிது. அவளை முன்வரிசையில் அமர்த்துதல், அவள் முகம் நோக்கிப் பேசுதல், ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசுதல், புரியாதபோது சலிப்பின்றி மீண்டும் சொல்லுதல் ஆகிய இவை எவர்க்கும் இயல்வன, பொருட்செலவு அற்றன. காதின் பின்னுள்ள கருவியைக் கண்டு நகைப்பவன், ஒரு தாயின் பல்லாண்டு உழைப்பை நகைப்பவனாவான். கருவி ஒலியைச் செவிக்குள் கொண்டு சேர்க்கும். அவ்வொலியை மொழியாக்குவது அவள் மனம். அம்மனம் சோர்வடையாமல் காப்பது உடன் பயில்வோர் கடமை.