இன்ஜின் காட்டும் மூவ், கோச் சொல்லும் காரணம்

சேலம், நாமக்கல் பக்கம் செஸ் கோச்சாக இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் சிக்கலான நேரம். டோர்னமென்ட் முடிந்து ஸ்கோர் ஷீட்டோடு பெற்றோர் வந்து நிற்பார்கள். வழியிலேயே ஆட்டத்தைப் போனில் ஏற்றிப் பார்த்திருப்பார்கள். "சார், மூணு பிளண்டர்னு காட்டுது. பத்தாவது மூவ்லயே ஜெயிச்சிருக்கலாமாமே?"

காட்டியது பெரும்பாலும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜினாக இருக்கும். 1997-இல் காஸ்பரோவைத் தோற்கடிக்க ஐ.பி.எம். ஒரு சூப்பர் கம்ப்யூட்டரையே இறக்க வேண்டியிருந்தது. அதைவிட வலுவான இன்ஜின் இன்று திருச்செங்கோட்டு ரிக் வண்டி டிரைவரின் போனிலும் இலவசமாக ஓடுகிறது. ஆகவே, எது சரியான மூவ் என்று சொல்வதற்காக இனி யாரும் உங்களுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை. அது ஏன் சரி என்று பிள்ளைக்குப் புரியவைப்பதுதான் உங்கள் வேலை. இன்ஜினை எதிராளியாக நினைக்காமல் வேலைக்காரனாக வைத்துக்கொள்ளப் பழகுங்கள்.

முதலில் ஒரு கட்டுப்பாடு. ஆட்டம் முடிந்ததும் இன்ஜினைத் திறக்க விடாதீர்கள். எங்கே அதிக நேரம் யோசித்தான், எங்கே பயந்தான், எந்த மூவைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டான் என்று பிள்ளையே ஸ்கோர் ஷீட் ஓரத்தில் எழுதட்டும். பிறகு இருவரும் பலகையில் காய்களை வைத்துப் பாருங்கள். இன்ஜின் கடைசியில் வரட்டும். நீங்கள் நினைத்ததும் அது சொல்வதும் எங்கே முட்டுகிறதோ, அந்த இரண்டு மூன்று இடங்கள்தான் அன்றைய பாடம்.

இதற்குப் பெரிய சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, பையன் 2500 ரேட்டிங்கைத் தாண்டும்வரை அவனை இன்ஜின் பக்கம் விடவில்லை. 2019 ஜனவரியில், 12 வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆனபோதும் குகேஷ் சொந்த மூளையைத்தான் நம்பியிருந்தார். எல்லாப் பிள்ளைக்கும் இவ்வளவு கண்டிப்பு தேவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1500 ரேட்டிங்கில் இருக்கும் பையன் ஸ்டாக்ஃபிஷ்ஷின் இருபது மூவ் வரிசையை மனப்பாடம் செய்வது, கணக்கு நோட்ஸை உருப்போட்டு பரீட்சைக்குப் போவது போலத்தான். ஒரு எண் மாறினால் தடுமாறிவிடுவான். அந்தப் படிப்பு எப்படி இருக்கும் என்று ஹாஸ்டல் பள்ளிகள் நிறைந்த நாமக்கல்லில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சின்னப் பிள்ளைகள் போட்டியில் அடிக்கடி வரும் ஒரு நிலையைப் பாருங்கள். இத்தாலியன் ஆட்டம், வெள்ளை தன் குதிரையை ஜி5-க்கு ஏற்றி எஃப்7-ஐக் குறிவைக்கிறது. கறுப்பு டி5 தள்ளுகிறது, வெள்ளையின் சிப்பாய் அதை வெட்டுகிறது. பிள்ளை யோசிக்காமல் குதிரையால் திருப்பி வெட்டுவான். வெள்ளை எஃப்7-இல் குதிரையைக் கொடுத்து, கறுப்பு ராஜாவைப் பலகையின் நடுவுக்கு இழுத்துவிடும். அதற்குப் பதிலாக இன்ஜின் சொல்வது, இன்னொரு குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்கு என்பது. அடுத்து பிஷப் பி5-இலிருந்து செக் வைக்கும், கறுப்பு சி6 தள்ளும், காய்கள் வெட்டுப்பட்டு முடிந்தால் கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஆனால் இன்ஜின் காட்டும் ஸ்கோரோ கிட்டத்தட்ட சமம்!

"சிப்பாய் போயிடுச்சே சார், அப்புறம் எப்படிச் சமம்?" இந்தக் கேள்விக்குப் போனில் பதில் இல்லை. வெள்ளையின் பிஷப் மறுபடி ஓட வேண்டும், எச்6 தள்ளினால் குதிரையும் ஓட வேண்டும், அந்த நேரத்தில் கறுப்பின் காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். காட்டிவிட்டு, அதே நிலையிலிருந்து இரண்டு பிள்ளைகளை ஆடவிடுங்கள். பிறகு பக்கம் மாற்றி ஆடவிடுங்கள்.

எண்களையும் படிக்கக் கற்றுக்கொடுங்கள். 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், +1.00 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்று பொருள் இல்லை. அந்த நிலையில் இன்ஜின் தன்னோடு தானே ஆடினால் வெல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று பொருள். 0.00 வந்தாலும் ஆட்டம் டிரா ஆகிவிட்டதென்று கையை நீட்டக் கூடாது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டம், குகேஷும் டிங் லிரனும் தலா ஆறரைப் புள்ளி. டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஆனாலும் டிரா நிலைதான் என்றது இன்ஜின். குகேஷ் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். 55-ஆவது மூவில் டிங் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். யானைகள் வெட்டுப்பட்டன, பிஷப்பையும் மாற்றச் சொல்லி குகேஷ் நீட்டினார். 58 மூவில் கதை முடிந்தது. 18 வயதில் உலக சாம்பியன்.

பயிற்சி ஆட்டத்துக்கு இன்ஜினின் பலத்தைக் குறைத்து வைக்காதீர்கள். நாலு நல்ல மூவ் ஆடிவிட்டுத் திடீரென ராணியைச் சும்மா கொடுக்கும். எந்த மனிதனும் அப்படி ஆடுவதில்லை. பிள்ளையின் லெவலுக்கு எதிராளி வேண்டுமென்றால், மனிதர்களின் ஆட்டங்களைப் பார்த்துப் பயின்ற மாயா இன்ஜின் லிசெஸ் தளத்தில் இருக்கிறது. முழு பலத்தோடு ஸ்டாக்ஃபிஷ்ஷை இறக்க வேறு இடம் உண்டு: பிள்ளைக்கு ஒரு யானை கூடுதலாக வைத்து ஜெயித்துக் காட்டச் சொல்லுங்கள். ஜெயிக்கிற ஆட்டத்தை ஜெயித்து முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே தெரியும்.

நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிகளுக்கு வகுப்பெடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகள் கையில் போன் இல்லையே என்று வருந்த வேண்டாம், வசதிதான். உங்கள் பழைய லேப்டாப் ஒன்றே போதும். இன்ஜின் மூன்று மூவ் வரிசைகளைக் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மூன்றாவது மூவும் ஏறக்குறைய அதே ஸ்கோர் என்றால் பிள்ளை ஆடியதைத் தவறென்று திட்ட வேண்டியதில்லை. அக்யூரசி சதவீதத்தை வைத்து இரண்டு பிள்ளைகளை ஒப்பிடும் பெற்றோரிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள்: சப்பையான ஆட்டத்தில் 95 வருவது சுலபம், சண்டைக்கோழி ஆட்டத்தில் 80 வருவதே பெரிது.

இதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர்கள் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பயிற்றுநர் பட்டங்களைப் பாருங்கள். டெவலப்மென்டல் இன்ஸ்ட்ரக்டரில் தொடங்கி சீனியர் டிரெய்னர் வரை ஐந்து படிகள் உண்டு. பிரக்ஞானந்தாவை உருவாக்கிய ஆர்.பி. ரமேஷ், இந்தியன் ஆயில் வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர். துரோணாச்சார்யா விருதும் பெற்றார்.

ஆன்லைன் ஆட்டத்தில் பிள்ளை இன்ஜின் பார்த்து ஆடி கணக்கு முடக்கப்பட்டால் பேச்சு உங்கள் அகாடமியைப் பற்றித்தான் வரும். சேர்க்கும் நாளிலேயே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். நேரடிப் போட்டியில் பிள்ளையிடம் போன் இருப்பது தெரிந்தாலே ஃபிடே விதிப்படி ஆட்டம் போகலாம். அதனால் போட்டி நாள் காலையில் பையைத் திறந்து பார்த்துவிட்டு ஹாலுக்குள் அனுப்புங்கள்.