மாத்திரை வீடு தேடி வரும். கற்றுக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டும்

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டிஸ்சார்ஜ் தாளும் மாத்திரைச் சீட்டும் தருகிறார்கள். அதற்குப் பிறகு யாரைப் போய்ப் பார்ப்பது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இடது கையும் காலும் விழுந்தபோது எங்கள் குடும்பமும் அப்படித்தான் திகைத்து நின்றது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவருக்கு வீட்டிலேயே சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்ததில் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் வீடுகளுக்காக எழுதுகிறேன்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம் இது. பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள் என்பது பலருக்கும் தெரியும். பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய் ஆதரவு சிகிச்சையும் இதே திட்டத்தில் வீட்டுக்கு வரும் என்பது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. எல்லாமே இலவசம்.

மாத்திரை கொண்டுவருபவர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். பெரும்பாலும் அதே ஊரில், சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண். அவரைத் தெரியாவிட்டால் கிராம சுகாதார செவிலியரையோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேட்டால் சொல்வார்கள். நகரத்தில் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். பிசியோதெரபிஸ்டும் ஆதரவு சிகிச்சை நர்ஸும் வட்டார அளவில் இருப்பவர்கள். வண்டியில் ஊர் ஊராகச் சுற்றி வருகிறார்கள். அதனால் “பெரியம்மாவுக்கு பி.பி. இருக்கு” என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு நின்றுவிடக்கூடும். “பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார், தானாகப் புரள முடியவில்லை, பிசியோ வேண்டும், முதுகில் தோல் சிவந்திருக்கிறது” என்று உள்ளதை முழுதாகச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாள், ஆதார், குடும்ப அட்டை, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளையின் போன் எண்ணைக் கொடுப்பதை விட, பகலில் நோயாளி பக்கத்தில் இருப்பவரின் எண்ணைக் கொடுப்பது நல்லது.

இதையெல்லாம் விடக் கடினமாக இருந்தது பெரியம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான். “கவர்மெண்டு மாத்திரை எனக்கு எதுக்குடி? நான் கெடக்குறத ஊரே வந்து பாக்கணுமா?” என்றார். மாத்திரையைப் பற்றிப் பேசினாலும் அவர் மனதில் இருந்தது கூச்சம். வாழ்நாளெல்லாம் நாலு பேருக்குச் சோறு போட்டவர், தெரிந்த பெண் முன்னால் கசங்கிய புடவையோடு படுத்திருக்க வேண்டுமே என்ற வேதனை. அதோடு வாதம் செய்து பயனில்லை. தன்னார்வலரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தோம். அவர் வந்ததும் பையைத் திறக்கவில்லை. “எந்த நேரம் வந்தா உங்களுக்குத் தோதுப்படும் அத்தை?” என்று கேட்டார். காலையில் முகம் கழுவித் தலை சீவிய பிறகு வரச் சொன்னார் பெரியம்மா. நேரத்தை அவரே முடிவு செய்தபின் மறுப்பு தானாகக் குறைந்தது. யார் வரலாம், எப்போது வரலாம், புண்ணைப் பார்க்கும்போது கதவைச் சாத்த வேண்டுமா என்பதையெல்லாம் பெரியவர்களையே கேளுங்கள். உடம்பு ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு, தன் சொல் இன்னும் செல்கிறது என்பது பெரிய பலம்.

மாத்திரை விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. தனியார் மருத்துவர் எழுதிய கம்பெனிப் பெயரில் மாத்திரை வராது. அரசு மருத்துவர் பார்த்து, சுகாதார நிலையத்தில் இருப்பில் உள்ளதை எழுதித் தருவார். ஆம்லோடிபின் என்ற ஒரே பி.பி. மாத்திரை பழைய அட்டையில் ஒரு பெயரிலும் புதிய அட்டையில் வேறு பெயரிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் பி.பி. அளவுக்கு மீறி இறங்கி, தலைசுற்றி விழ நேரிடும். புதியது வந்த அன்றே பழைய அட்டைகளை நர்ஸிடம் காட்டி, எது தொடர வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டுப் பிரித்து, வேண்டாததை வீட்டை விட்டே அகற்றிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் பக்கவாதத்துக்குக் கொடுக்கும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் யாரும் நிறுத்தக் கூடாது.

பிசியோதெரபிஸ்ட் தினமும் வரமாட்டார். வரவும் முடியாது, அவருக்கு ஒரு வட்டாரமே காத்திருக்கிறது. அவர் வரும் நாளில், தினமும் கூட இருக்கப்போகிறவர் வீட்டில் இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அது என் அண்ணி. விழுந்த கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும் என்பதை பிசியோதெரபிஸ்ட் அண்ணியின் கையைப் பிடித்தே காட்டினார். படுக்கும்போது அந்தக் கைக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். நன்றாக இருக்கும் கையால் விழுந்த கையைப் பிடித்து நோயாளியே தூக்கிப் பழக வேண்டும். இவற்றைச் செல்போனில் வீடியோவாக எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். ‘கொஞ்சம் தேறட்டும், பிறகு கூப்பிடலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

நர்ஸ் சொல்லிக்கொடுத்தவையும் அப்படியே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. படுத்த நிலையில் கஞ்சியோ தண்ணீரோ ஊட்டாமல் நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுப்பது. விழுங்கும்போது இருமினால் உடனே நிறுத்தி, அதை அவர்களிடம் தெரிவிப்பது. சிவந்த தோலை அழுத்தித் தேய்க்காமல் இருப்பது. படுக்கைப் புண் ஒருமுறை ஆழமாகிவிட்டால் ஆறுவது பெரும்பாடு.

குளிப்பாட்ட, துணி மாற்ற, இரவில் கூட இருக்க இந்தத் திட்டத்தில் ஆள் கிடையாது. வீட்டில் உள்ளவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டே தீர வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் இது ஒரே ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. அது நியாயமே இல்லை. அண்ணிக்கு ஓய்வு வேண்டும் என்று நாங்கள் கூடிப் பேசி, காலை வேலைக்குத் தெருவிலேயே ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்தோம். சம்பளம் வெளியூரில் இருக்கும் எங்கள் பொறுப்பு.

பெரியவரை மாதத்துக்கு ஒரு பிள்ளை வீடு என்று மாற்றிக்கொண்டிருக்கும் குடும்பங்கள், கிளம்பும் முன் தன்னார்வலரிடம் சொல்லி, சிகிச்சை நோட்டையும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு போய், புதிய இடத்துச் சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் மாத்திரை விட்டுப்போகும்.

கை கால் திரும்பாமலே போனால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், கடும் பாதிப்புக்கான மாத உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். வருவதாகச் சொன்னவர்கள் வராவிட்டால் முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேளுங்கள். பிறகு 104-க்கு அழைக்கலாம். முதியோர் உதவி எண் 14567. முகம் ஒரு பக்கம் கோணினாலோ பேச்சு குழறினாலோ இந்த எண்களை எல்லாம் விட்டுவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.