கேட்டையும் மூலமும்: வானநூல் கூறும் உண்மை

விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் தோட்டத் தொழிலாளர்களுக்கு வானம் புதியதன்று. ஊர் உறங்கும் வேளையில் தலைவிளக்கை ஏற்றி நிரைக்குச் செல்லும் அவர்கள், அண்ணாந்து பார்த்தால் எண்ணற்ற விண்மீன்களைக் காணலாம். சுங்கை ஆயர் தாவார் போன்ற கடலோரச் சமவெளியில் மலைகள் மறைப்பதில்லையாதலால், மரங்களற்ற வெளியில் அடிவானம் வரை வானம் விரிந்து கிடக்கிறது.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் விடியற்காலை ஐந்தரை மணியளவில் தென்திசையை நோக்குங்கள். வாலை வளைத்த தேளைப் போன்றதொரு விண்மீன் கூட்டம் தெரியும். ஜூலையில் இரவு பத்து மணியளவிலும் இதனைக் காணலாம். தேளின் நெஞ்சில் செந்நிறமாக ஒளிர்வது கேட்டை. வாலின் கொடுக்குப் பகுதியே மூலம்.

இப்பெயர்களைக் கேட்டதும் சில இல்லங்களில் கவலை பிறக்கின்றது. மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாதவள், கேட்டைப் பெண் கணவனின் தமையனுக்கு ஆகாதவள் என்று கூறி, நல்ல சம்பந்தங்களையும் தட்டிக் கழிக்கின்றனர். ஒரு பாவமும் அறியாத பெண் மனம் வாடி நிற்கிறாள். இக்கூற்றில் உண்மை உண்டா என்று ஆராய்வோம்.

சந்திரன் ஏறத்தாழ 27 நாட்களில் பூமியைச் சுற்றி வருகிறது. அப்பாதையை நம் முன்னோர் 27 பகுதிகளாக வகுத்து, நாள் கணக்கிடுவதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயரைச் சூட்டினர். குழந்தை பிறந்த வேளையில் சந்திரன் எப்பகுதியில் தென்பட்டதோ, அதுவே அதன் பிறந்த நட்சத்திரம். ஆகவே, ஏறத்தாழ 27 பேரில் ஒருவர் மூலத்தில் பிறந்தவராவார். அத்தனை பேர் வீட்டிலும் மாமனார் மாண்டா போனார்?

நிரையில் நின்று பார்க்கும்போது நிலவு ரப்பர் மரக்கிளையில் அமர்ந்திருப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அது மரத்தில் இல்லை. அவ்வாறே, மூலத்தின் அருகே தோன்றும் சந்திரனும் மூலத்தின் அருகே இல்லை. ஒளி ஒரு விநாடியில் 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சந்திரனிலிருந்து ஒளி நம்மை அடைய 1.3 விநாடியும், கதிரவனிலிருந்து 8 நிமிடங்களும் ஆகின்றன. கேட்டையிலிருந்து வருவதற்கோ சுமார் 550 ஆண்டுகள் வேண்டும். இன்று நாம் காணும் அதன் ஒளி, மலாக்காவில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் புறப்பட்டது. மூலத்தின் விண்மீன்களும் மிகத் தொலைவில் உள்ளவையே. நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்குமுன்பே புறப்பட்ட ஒளி, இன்றைய மணப்பெண்ணின் மாமனாரை எவ்வாறு தேடி வரும்?

கேட்டை சிவந்திருப்பது சினத்தினால் அன்று. கொல்லன் உலையில் குறைந்த சூட்டில் இரும்பு சிவப்பாகவும், சூடு மிக மிக வெண்மையாகவும் ஒளிர்வதை அறிவோம். விண்மீன்களும் அவ்வாறே. கேட்டையின் மேற்பரப்பு கதிரவனைவிட வெப்பம் குறைந்தது. ஆனால் உருவத்தில் மிகப் பெரியது. அதனைக் கதிரவன் இருக்குமிடத்தில் வைத்தால், நம் பூமியையும் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். இத்தகைய பெரும் விண்மீன்கள் இறுதியில் வெடித்துச் சிதறுகின்றன. பூமி தோன்றுமுன் அவ்வாறு வெடித்த விண்மீன்களில் உருவான இரும்புதான் இன்று நம் பால்வெட்டும் கத்தியிலும், நம் குருதியிலும் உள்ளது. விண்மீன்களோடு நமக்குள்ள மெய்யான உறவு இதுவே.

தேளின் வாலருகே வெண்புகை போல் தெரிவது பால்வீதி. அது 10,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் தொகுதி. நம் கதிரவனும் அவற்றுள் ஒன்று. அதன் மையம் அத்திசையில்தான், 26,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. நம் பால்வீதியைப் போன்ற பெருந்தொகுதிகள் அண்டத்தில் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஒன்றான ஆந்திரமீடா 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது.

இத்துணைப் பெரிய அண்டம் ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்வைக் கெடுக்கக் காத்திருக்கவில்லை. பெண் பார்க்கச் செல்வோர் அவளது குணம், கல்வி, உடல்நலம் ஆகியவற்றைக் கேட்டறியட்டும். கேட்டையையும் மூலத்தையும் நம் பிள்ளைகளுக்கு வானில் காட்டுவோம். அவை அஞ்சுவதற்குரியவை அல்ல. கண்டு, கற்று மகிழ்வதற்குரியவை.