தட்டுத்தொட்டி கடைசியில்

அன்புள்ள மருமகனுக்கு,

மண்ணூரில் வீட்டுக்காரர் வேலியோரக் காகிதப்பூச் செடியைத் தோண்டி எறியப் போகிறார், அதைப் போன்சாய் ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக ஆக்கலாம். நெடுஞ்சாலையோர நர்சரிகளில் வேர் பருத்த ஃபைகஸ் கன்றை ‘போன்சாய்’ என்று விற்கிறார்களே, அதைவிட இந்தக் கிழட்டுச் செடி எவ்வளவோ மேல். அதன் தண்டுக்கு ஏற்கெனவே வயசாகிவிட்டது.

புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் வாங்குவது ஆழமில்லாத தட்டுத்தொட்டி. பல செடிகள் சாவது அங்கேதான். தொட்டிதான் மரத்தைக் குள்ளமாக்குகிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வது கத்தரிக்கோல். தண்டு பருக்க நிறைய இலை வேண்டும், வேர் ஓட இடம் வேண்டும். தட்டில் ஏற்றிய பிறகு பருமன் கூடுவது ஏறக்குறைய நின்றுபோகும். அதனால் முதல் இரண்டு மூன்று வருஷம் அகலமான சிமென்ட் தொட்டியே போதும்.

தோண்டும்போது அவசரம் ஆகாது. காகிதப்பூவின் வேர் சட்டென்று ஒடியும். வேரைச் சுற்றியுள்ள மண்ணை முழுக்க உதறக்கூடாது. கத்திரி வெயிலும் ஐப்பசி அடைமழையும் இந்த வேலைக்கு ஆகாதவை. மாசி, பங்குனி நல்ல காலம். கிளைகளைக் குறைத்து, நிழலில் வை. புதுத்துளிர் நன்றாக வளரும்வரை உரம் வேண்டாம். ஏரிக் களியைத் தொட்டியில் நிரப்பாதே, வேர் அழுகும். உடைந்த செங்கல்லைப் பட்டாணி அளவுக்கு நொறுக்கிச் சலித்து, தூளை எறிந்துவிட்டு, கொரமணலும் மக்கிய எருவும் கலந்துகொள்.

வடிவத்துக்குக் கம்பிதான் வழி என்று வீடியோக்கள் சொல்லும். முற்றிய காகிதப்பூக் கிளையைக் கம்பி சுற்றி வளைத்தால் முறிந்துவிடும். பச்சைத் தண்டில் அலுமினியக் கம்பி சுற்றலாம். அதுவும் பட்டையில் பதிவதற்குள் கழற்றிவிட வேண்டும். தென்சீனத்துக் குவாங்தொங்கில் வளர்ந்த லிங்னான் மரபில் கத்தரிதான் முக்கியம். கிளையை விருப்பப்படி ஓடவிட்டு, வேண்டிய பருமன் வந்ததும் ஒன்றிரண்டு கணு விட்டு வெட்டுவார்கள். வேறு திசையில் துளிர்ப்பதை மறுபடி ஓடவிட்டு, மறுபடி வெட்டுவார்கள். குளிர்நாட்டில் இதற்குப் பொறுமை நிறைய வேண்டும். நம் வெயிலில் செடி வேகமாக ஓடும், அது நமக்கு லாபம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தாய்லாந்துக்காரர்கள் குள்ளமாக்கி அழகு பார்க்கும் மரங்களில் ஒன்று நம் பராய். திருச்சிப் பக்கம் திருப்பராய்த்துறையின் தலமரம் அது. நம் நர்சரிகளில் கேட்டால் விழிப்பார்கள்!

தண்ணீர் விஷயத்துக்கு வருமுன் ஒரு கதை. வாஷிங்டனில் அமெரிக்க தேசிய மரத்தோட்டத்தில் ஒரு ஜப்பானிய வெண்பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் வளர்க்கப்படுவது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கி.மீ. தூரத்தில், யமாகி குடும்பத்தின் நர்சரிச் சுவருக்குப் பின்னால் நின்று தப்பியது. 1976-இல் மசாரு யமாகி அதை அமெரிக்காவுக்கே கொடுத்தார். குண்டுக்குத் தப்பிய கதையை 2001-இல் அவருடைய பேரன்கள் வந்து சொன்ன பிறகுதான் அங்குள்ளவர்கள் அறிந்தார்கள். சுவர் காத்தது ஒரு நாள். மற்ற நாளெல்லாம் யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

உன் நிலைமைக்கு வருகிறேன். ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தட்டுத்தொட்டி ஒரே பகலில் காய்ந்துவிடும், ஓவர்டைம் பார்த்துவிட்டு நீ வருவதற்குள் இலை சுருண்டிருக்கும். பெரிய தொட்டி ஒரு நாள் பொறுக்கும். தட்டைப் பிறகு பார்க்கலாம் என்பது இதற்காகவும்தான்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, தண்ணீர் ஊற்ற வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு வா.

அன்புடன்,
மாமா