நாய்க்கடியும் நியாய நூலும்

மக்களொடு கூடி வாழும் விலங்குகளுள் நாயைப்போல் அணுக்கமானது பிறிதொன்றில்லை. ஞமலி என்றும் ஞாளி என்றும் பெயர் பெற்றுப் பண்டைச் சான்றோர் செய்யுட்களில் இடங்கொண்ட இவ்விலங்கு, வேடனுக்குத் துணையாயிற்று, ஆயனுக்கு ஏவலாளாயிற்று, இல்லத்திற்குக் காவலாயிற்று. இத்தகைய நண்பன் ஒருநாள் நம்மேற் பாயுங்கால் நாம் செய்யத்தக்கது யாது? நியாய நூல் நமக்கு அளிக்கும் காப்பு யாது? இவ்வினாக்களுக்கு விடை படித்தோரிடத்தும் தெளிவின்றியே கிடக்கின்றது. “வாயில்லாச் சீவன் கடித்தால் யாரைக் கேட்பது?” என்பார் ஒரு சாரார். “கடித்த நாயை அடித்துக் கொல்வதே முறை” என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பிழை என்பதே ஈண்டு யாம் காட்ட விழைவது.

முதற்கண் உடலைக் காக்கும் வழியை நோக்குவோம். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. ஓட்டத்தில் அதனை வெல்லுதல் மனிதர்க்கு அரிது. ஆகலின் ஓடற்க; கூச்சலிடற்க. உடலைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, கைகளை மார்போடு அணைத்து, அதன் கண்ணை உற்று நோக்காது அசைவற்று நிற்க. அதன் சினம் தணிந்தபின், முதுகு காட்டாது மெல்லப் பின்வாங்குக. மிதிவண்டியில் வருவோர் இறங்கி, வண்டியை நாய்க்கும் தமக்கும் இடையே தடுப்பாக நிறுத்துக. அது பாய்ந்தே விடின், குடை, புத்தகப் பை, மேலாடை ஆகியவற்றுள் கைக்கு எட்டியதை அதன் வாய்க்கு நேரே நீட்டுக. கீழே விழ நேரின், முழங்கால்களை மடக்கிச் சுருண்டு, முகத்தை மறைத்து, கைகளாற் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்க. சிறுவர்க்கு முகமும் கழுத்துமே நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் உள்ளன. ஆதலின் இப்பாடம் நம்மினும் நம் தம்பி தங்கையர்க்கே பெரிதும் வேண்டற்பாலது.

இனி, பாயும் நாயை அடிக்கலாமோ என்பது வினா. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் நீங்கி, பாரதிய நியாய சன்ஹிதை என்னும் புதுச்சட்டம் 2024-ஆம் ஆண்டு சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. தற்காப்புரிமை என்று அதிற் கூறப்படுவது குற்றச் செயலுக்கு எதிரான உரிமையாகும். நாயோ குற்றம் இழைக்கும் அறிவுடையதன்று. எனவே அவ்வுரிமை நேரே இங்குப் பொருந்தாது. எனினும் சட்டம் நம்மைக் கைவிட்டிலது. தீய எண்ணமின்றி, நன்னோக்கத்தோடு, பெருந்தீங்கு ஒன்றைத் தடுத்தற்பொருட்டுச் சிறுதீங்கு செய்தல் குற்றமாகாது என்று 19-ஆம் பிரிவு கூறுகின்றது. பெருந்தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடித்தவன் கதையை அச்சட்டமே எடுத்துக்காட்டாகத் தருகின்றது. அதுபோலவே, பாயும் நாயிடமிருந்து உயிரைக் காக்கும்பொருட்டு வேண்டுமளவு அதனைத் தாக்கியவனும் குற்றவாளி ஆகான்.

ஆனால் அளவு என்னும் சொல்லை மறத்தல் ஆகாது. நாய் பாயுங்கால் ஓங்கிய கோல் காப்பு. அது திரும்பி ஓடுங்கால் ஓங்கிய அதே கோல் பழி. மறுநாள் அதனைத் தேடிச் சென்று அடித்துக் கொல்வதும், தெருவில் நஞ்சிட்ட உணவை வைப்பதும் தற்காப்பு ஆகா. விலங்கொன்றைத் தீங்கெண்ணிக் கொல்வார்க்கும் முடமாக்குவார்க்கும் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கும். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் உண்டு. ஆதலின் கடித்த நாயைக் கொல்வதே முறை என்னும் கொள்கை சட்டத்தின் முன் நில்லாது. ஒருவன் நம்மேல் நாயை ஏவி விடுவானாயின் நிலை வேறு. அங்கு நாய் அவன் கைக்கருவியே. அச்செயல் குற்றமுறு வன்முறையாகும் என்பதனை 129-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று நாயையே சுட்டி விளக்குகின்றது.

கடிபட்டபின் காவல் நிலையத்திற்கு விரைவதா, மருத்துவமனைக்கு விரைவதா? இரண்டிற்கும் முன்னர்த் தண்ணீர்க் குழாய்க்கு விரைக. வெறிநோய் அறிகுறிகள் தோன்றியபின் அதனின்று பிழைத்தல் ஏறக்குறைய இல்லை; தோன்றுமுன்னரோ அதனை முற்றும் தடுக்கலாம். ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் புண்ணைப் பதினைந்து நிமிடம் கழுவுதலே முதல் மருந்து. மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் முதலியவற்றை அப்புதல் தீங்கே பயக்கும். பின்னர்க் காலந் தாழ்த்தாது தடுப்பூசி இட்டுக்கொள்ளல் வேண்டும். குருதி கசியும் கடியாயின், தடுப்பூசியோடு எதிர்ப்புப் புரத மருந்தும் புண்ணைச் சுற்றிச் செலுத்தப்படல் வேண்டும். வயிற்றில் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சத்திற்கு இன்று இடமில்லை. ஆட்டு மூளையினின்று செய்த அம்மருந்தின் ஆக்கம் 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் நின்றது. இக்காலத்து ஊசிகள் சிலவே. அவை கையில் இடப்படுவன. அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைப்பன. எனினும் குறித்த நாள்களில் ஒன்றையும் தவறவிடலாகாது. வீட்டு நாய்தானே என்று வாளாவிருத்தலும் ஆகாது.

உயிர் காத்தபின் உரிமையைக் கருதுவோம். வாயில்லாச் சீவனின் செயலுக்கு விடை கூறுவார் யார்? இவ்வினா மிகப் பழைமையானது. முட்டிக் கொன்ற மாட்டைப் பற்றி யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம் ஒரு விதி வகுக்கின்றது. முன்பு முட்டாத மாடாயின் உடையவன் குற்றமற்றவன். முட்டும் வழக்கமுடையதென்று எச்சரிக்கப்பட்டும் அதனைக் கட்டி வையாதானாயின் அவனே குற்றவாளி. மாட்டின் செயலைவிட மனிதனின் அறிவையே அவ்விதி ஆராய்கின்றது. 1846-ஆம் ஆண்டு ஆங்கில நாட்டில், ஒரு பெண்ணைக் கடித்த குரங்கைப் பற்றிய வழக்கு வந்தது. கடிக்கும் இயல்பினதென்று அறிந்தே ஒரு விலங்கை வளர்ப்பவன், அதனால் வரும் தீங்கிற்கு ஈடு செய்தல் வேண்டும் என்று ஆங்குத் தீர்ப்பாயிற்று.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டம் இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. தன் வசமுள்ள விலங்கினால் மனித உயிர்க்கோ, கொடுங்காயத்திற்கோ ஏதுவாகத்தக்க இடர் இருக்க, போதிய காப்பை அறிந்தோ அசட்டையாலோ செய்யாது விடுபவனுக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பது 291-ஆம் பிரிவு. அசட்டை என்னும் சொல்லை நோக்குக. “இதற்கு முன் என் நாய் யாரையும் கடித்ததில்லை” என்பது மட்டும் உடையவனுக்கு முழுக் கேடயமாகாது. இத்தண்டமன்றி, மருத்துவச் செலவிற்கும் நோவிற்கும் உரிமை மன்றத்தில் ஈடு கேட்டலும் உண்டு. ஆனால் கட்டிய நாயைக் கல்லாலெறிந்து சீண்டியவன் கேட்கும் ஈடு, அவன் செயலாலேயே குறையும், அன்றி மறையும்.

உடையவனற்ற தெருநாய் கடித்தால் என் செய்வது? அவற்றிற்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்வித்தல் உள்ளாட்சி மன்றங்களின் கடன் என்று 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வகுக்கின்றன. அதே ஆண்டில் பஞ்சாப் அரியானா உயர்நீதிமன்றம், தன் எல்லைக்குள் நாய்க்கடி பட்டார்க்குப் பல் தடம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 10,000 ரூபாய் ஈடு அளிக்குமாறு அரசைப் பணித்தது. உடையவனில்லை எனின் கேட்பாரில்லை என்பது இனிச் செல்லாது.

உரிமையை நிலைநாட்டச் சான்று வேண்டும். புண் ஆறுமுன் நிழற்படம் எடுத்தல், மருத்துவமனைச் சீட்டுகளையும் செலவுச் சீட்டுகளையும் பேணல், நாளும் நேரமும் இடமும் கண்டார் பெயரும் குறித்தல், அந்நாய் முன்னும் எவரையேனும் கடித்ததோ என வினவல், பின்னர் எழுத்து மூலம் காவல் நிலையத்திலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ முறையிட்டுப் படி ஒன்றைப் பெற்றுக்கொள்ளல் ஆகிய இவை எளியவை. ஆயினும் பெரும்பாலார் செய்யாது விடுபவை. எழுத்தறியாத எளியார் கடிபட்டுழி, இம்முறையீட்டை எழுதித் தருதல் மாணாக்கராகிய நாம் செய்யத்தக்க தொண்டாகும்.

சுருங்கக் கூறின், நாயிடத்து நியாய நூல் பகை கொள்ளவில்லை. மனிதனிடத்தே பொறுப்பை வேண்டுகின்றது. வளர்ப்பவன் கட்டுக, மன்றத்தார் தம் கடனாற்றுக, கடிபட்டவன் காலந் தாழ்த்தாது கழுவுக, ஊசியிடுக, முறையிடுக. இம்மூன்றும் ஒருங்கே நிகழுமாயின், தெருவில் நடக்கும் குழந்தையும் காக்கப்படும். வாயில்லாச் சீவனும் கல்லடிக்குத் தப்பும்.