பக்கத்தில் உட்கார்ந்து சொல்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது.

பிரசவ வார்டில் உனக்கு டியூட்டி போட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னதும் மனசு நிறைந்துவிட்டது. எவ்வளவு சொன்னாலும் தாய்மார்கள் கேட்பதில்லை, இரண்டாம் நாளே பவுடர் பால் வாங்கிவரச் சொல்கிறார்கள் என்று நீ அலுத்துக்கொண்டதையும் சொன்னாள். அதே வார்டு வேலையில் தலை நரைத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தாய்ப்பாலின் பெருமையை ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் எழுதிவைத்திருக்கிறோம். அதைப் படித்த பிறகும் பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல்தான் தாய் அழுகிறாள். ரவுண்ட்ஸில் "பால் குடும்மா" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகாதே. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பத்து நிமிடம் உட்கார். நம் வேலையே அதுதான்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும் என்று நீ படித்திருப்பாய். சிசேரியன் என்றால் மட்டும் அது மறுநாளுக்குத் தள்ளிப்போகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் சிசேரியன். அத்தனை பிள்ளைகளையும் காக்க வைக்கலாமா? முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தவள் விழித்துத்தான் இருக்கிறாள். பிள்ளையை அவள் நெஞ்சோடு அணைத்துவைத்து நீ தாங்கிப் பிடி. உட்கார முடிந்த பிறகு, பிள்ளையின் கால்கள் அவள் முதுகுப் பக்கம் போகும்படி கக்கத்தில் இடுக்கிப் பிடிக்கச் சொல்லிக்கொடு. தையலில் பாரம் விழாது.

திரையை இழுத்துவிட்டு, "தொடலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தொடு. பிள்ளையின் தலையும் உடம்பும் ஒரே நேராக, வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். கொட்டாவி விடுவது போல வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திரு. காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகும். சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பில் படும், கீழுதடு வெளியே மடங்கும், கன்னம் குழி விழாது, விழுங்கும் சத்தம் கேட்கும். இது அமைந்ததும் தாயின் தோள் தானாகத் தளர்வதைப் பார்ப்பாய்.

"பால் பத்தலை சிஸ்டர்" என்பார்கள். அலட்சியம் செய்யாதே, கணக்குச் சொல்லிக்கொடு. முதல் நாள் ஒரு வேளைக்குச் சில மில்லி சீம்பாலே பிள்ளைக்குப் போதும். பால் கட்டி வர இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். அதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை சப்பக் கொடுக்க வேண்டும். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். ராத்திரி பிள்ளை தூங்கட்டும் என்று பவுடர் பாலைப் புகட்டினால் மார்பு காலியாகாது, சுரப்பும் குறையும். ஐந்தாம் நாள் முதல் தினம் ஆறு துணியாவது நனைந்தால் பயமில்லை. ஆனால் பிள்ளை எழுப்பியும் குடிக்காமல் தூங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மஞ்சள் ஏறினாலோ, பிறந்த எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறங்கினாலோ உடனே டாக்டரிடம் சொல். கொள்கையைக் காப்பாற்றப் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் புகட்டுவது முதல் வழி. அடுத்தது தாய்ப்பால் வங்கி. 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கிவைத்தது, இன்று நம் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது. அதற்கும் வழியில்லாதபோது பவுடர் பால்.

சேனை தொட்டு வைக்க வேண்டும் என்று நிற்கும் பாட்டியை விரட்டாதே. அந்த வீட்டில் நாளை அவர் சொல்தான் நடக்கும். தேனும் சர்க்கரைத் தண்ணீரும் பச்சைப் பிள்ளைக்கு ஏன் ஆபத்து என்று மரியாதையாகச் சொல். நனைந்த துணிகளை எண்ணும் பொறுப்பை அவரிடமே கொடு. உனக்கு அவரே துணையாகிவிடுவார்.

இனி, தாய்ப்பால் கொடுக்காத தாய். காரணத்தைப் பத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி விசாரிக்காதே. புற்றுநோய் மருந்தாக இருக்கலாம், வெளியே சொல்ல முடியாத வேறொரு நோயாக இருக்கலாம். எச்.ஐ.வி. தொற்றுள்ள தாயும் ஏ.ஆர்.டி. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம் என்பது நம் நாட்டு நெறிமுறை. அதையும் தனியே அழைத்துத்தான் பேச வேண்டும். எல்லாம் தெரிந்த பின்னும் பவுடர் பால்தான் என்று ஒருத்தி முடிவெடுத்தால், அவளுக்கும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து கற்றுக்கொடு. பாத்திரத்தைக் கொதிக்கவைப்பது, கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் பவுடரைக் கலந்து, குடிக்கும் சூட்டுக்கு ஆறவைப்பது, கரண்டியைத் தலைதட்டி அளப்பது, மிச்சத்தைக் கொட்டிவிடுவது. டின் சீக்கிரம் தீருகிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் பிள்ளை மெலிந்துபோகும் என்பதை அவசியம் சொல்.

இதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை, பவுடர் பால் பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதாரப் பணியாளருக்கு மட்டுமே தந்திருக்கிறது. பவுடர் பால் கம்பெனி விளம்பரம் செய்யவோ, இலவச டின் கொடுக்கவோ, நமக்குப் பரிசு தரவோ கூடாது என்பதும் அதே சட்டம். பேனாவோ காலண்டரோ நீட்டினால் கை நீட்டாதே. உன் பேச்சுக்குப் பின்னால் கம்பெனி இல்லை என்று தாய் நம்ப வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று ஒவ்வொருத்தியிடமும் கிராம சுகாதார செவிலியரின் நம்பரையும் 104 உதவி எண்ணையும் எழுதிக் கொடு. எந்தப் பால் கொடுத்தாலும், தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு எவளும் உன் வார்டைவிட்டுப் போகக் கூடாது.

நைட் டியூட்டியில் நேரத்துக்குச் சாப்பிடு. பதில் எழுது.

அன்புடன்,
பெரியம்மா