பாய்மர அடியில் நீர்க்கசிவும் அதனைத் தடுக்கும் முறையும்

சங்கத்தில் கடன் பெற்றுப் படகு வாங்கிய அங்கத்தினருக்கு, கடன் தீருமுன் படகு உளுத்துப்போவதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. படகு போன பின்னும் கடன் நிற்கும். ஜாமீன் நின்றவரும் அதற்குப் பொறுப்பாவர். அலையினால் உண்டாகும் சேதம் உடனே கண்ணுக்குத் தெரியும். துளித்துளியாக உள்ளிறங்கும் நீரினால் உண்டாகும் சேதமோ மரம் மெத்தென்று ஆகும் வரையில் தெரிவதில்லை. மேல்தளம் மூடிய பாய்ப்படகில் இவ்வாறு நீர் புகும் இடங்களுள் முக்கியமானது, பாய்மரம் தளத்தைத் துளைத்துக் கீழே செல்லும் இடமாகும்.

பழைய கலங்கள் கற்பிக்கும் பாடம்

சாந்தோம் கரையில் நெடுங்காலம் வழங்கிய கட்டுமரத்திற்கு இக்கவலை இருந்ததில்லை. அதில் மூடிய உட்புறம் என்பதே இல்லை. மேலே ஏறிய நீர் கட்டைகளின் இடைவெளி வழியே தானே இறங்கிவிடும். சென்னைத் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்குகளையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தது மசூலாப் படகு. அதன் பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்து, தையலின் கீழ் நாரோ வைக்கோலோ திணித்திருந்தனர். ஆணி அடித்த படகு மணலில் மோதிப் பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பும். 1907-ல் ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன் முயற்சியால் சென்னை மாகாணத்தில் மீன்தொழிற் பிரிவு ஏற்பட்டது. அவரே 1895-லும் 1897-லும் வெளியான தமது அறிக்கையினால் கிராம நாணயச் சங்கங்களுக்கு வழி வகுத்தவர். அவருக்குப் பின் மீன்துறைத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகு வகைகளைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியில் இக்கரையின் கலங்களும் இடம் பெற்றன.

மேல்தளம் மூடிய பாய்க்கப்பல்களும் தமிழருக்குப் புதியவை அல்ல. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவிலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. சென்னைத் துறைமுகத்தில் 1911-ல் தோன்றிய பாய்ப்படகுக் கழகத்தின் மூலம் இவ்வகைச் சிறு படகுகளும் இங்குப் பழக்கமாயின. இக்கலங்களிலெல்லாம் பாய்மர அடியைக் காக்கும் விதி ஒன்றே: அசையும் இடத்தை அசைந்து கொடுக்கும் பொருளால் மூடவேண்டும். மசூலாப் படகின் தையல் உணர்த்தும் பாடமும் இதுவே.

நீர் புகுவதன் காரணம்

காற்று பாயில் மோதும்போதெல்லாம் பாய்மரம் சிறிது அசைகின்றது. படகின் உடலும் அலைக்கேற்ப முறுகுகின்றது. ஆகையால் மரத்திற்கும் தளத்திற்கும் இடையிலுள்ள சந்து ஒரு நிலையில் நிற்பதில்லை. சிலர் அச்சந்தில் சிமெண்டையோ கெட்டியாக இறுகும் பசையையோ நிரப்பி விடுகின்றனர். அது ஒரே பயணத்தில் வெடிப்பு விடும். மயிரிழை போன்ற அவ்வெடிப்பு நீரை உள்ளே விடுமேயன்றி உலர விடாது. எனவே முழுவதும் திறந்த சந்தைக் காட்டிலும் அரைகுறையாக அடைத்த சந்து அதிகக் கேடு செய்யும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மரத்தை உளுக்கச் செய்வதில் கடல் நீரைவிட மழைநீரே கொடியது. உப்பு, மரத்தை அழிக்கும் பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கும். ஆதலால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையிலேயே நிற்கும் படகும் பாய்மர அடியில் உளுத்துப்போகக் கூடும்.

அடைக்கும் முறை

1. பழைய துணி, பசை முதலியவற்றை அகற்றித் துவாரத்தின் விளிம்பை நன்கு உலரவிட வேண்டும். பின்னர்க் கத்தி நுனியால் விளிம்பையும் பாய்மரத்தையும் குத்திப் பார்க்க வேண்டும். நுனி எளிதில் இறங்கினால் அப்பகுதியை மாற்றாமல் மேல்வேலை செய்வது வீண்.

2. துவாரத்தைச் சுற்றி ஏறக்குறைய 2 அங்குல உயரமுள்ள வளையம் ஒன்று இருத்தல் நலம். தளத்தில் ஓடும் நீர் நேரே துவாரத்தை அடையாதபடி அது வரம்பு போல நின்று காக்கும்.

3. சந்தில் நாற்புறமும் சமமாக மர ஆப்புகளையாவது கெட்டி ரப்பர்த் துண்டுகளையாவது செருக வேண்டும். ஆப்பு பாய்மரத்தை நிலைநிறுத்துவதற்கே உரியது. நீரைத் தடுக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கலாகாது.

4. நீரைத் தடுப்பது கித்தான் அல்லது ரப்பர் உறையாகும். பாய்மரத்தை நிறுத்துமுன் உறையை அதில் கோத்துவிட வேண்டும். முதலில் உறையை உட்புறம் வெளியே தெரியுமாறு தலைகீழாக வைத்து, அதன் குறுகிய வாயை வளையத்திற்கு 4 அங்குலம் மேலே, இறுகாத பசை பூசிக் கயிற்றால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டவேண்டும். பிறகு மேலே நிற்கும் பகுதியைக் காலுறையை மடிப்பதுபோலக் கீழே மடித்துவிட்டு, அதன் அகன்ற வாயை வளையத்தின் புறத்தே கட்டவேண்டும். இவ்வாறு செய்வதால் மேற்கட்டு மடிப்பினுள் மறைந்துவிடும். பாய்மரத்தில் வழியும் நீர் கட்டை அடையாமல் உறையின் மேலே ஓடிவிடும். அசைவுக்கு இடமிருக்குமாறு உறை சற்றுத் தளர்ச்சியாக இருக்கவேண்டும்.

5. பாயின் ஓரத்தைச் செலுத்தும் பள்ளம் பாய்மரத்தில் இருந்தால், அது உறையின் அடியில் வாய்க்கால் போல நீரைக் கொண்டு செல்லும். கட்டு விழும் இடத்தில் அப்பள்ளத்தைப் பசையால் நிரப்பிவிடுதல் அவசியம்.

6. வெயில் உறையை விரைவில் கெடுக்கும். அதன்மேல் வேறொரு துணியைப் போர்த்தி வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

சோதனை

வேலை முடிந்ததும் ஒருவர் உள்ளே விளக்குடன் இருக்க, மற்றொருவர் முதலில் தளத்தின்மேல் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். அப்போது நீர் வந்தால் குற்றம் கீழ்க்கட்டிலோ வளையத்திலோ உள்ளது. வராவிடில் பாய்மரத்தின் மேற்பகுதியில் ஊற்ற வேண்டும். அப்போது வெளிப்புறமாக வழிந்து வந்தால் குற்றம் மேற்கட்டில் உள்ளது. அலுமினியத்தாலான உள்ளீடற்ற பாய்மரமாயின், கயிறு செல்லும் துளைகள் வழியே நீர் உட்புறமாகவே இறங்கிவரும். இதனை எந்த உறையும் தடுக்காது. பாய்மரத்தின் அடியில் வடிகால் துளை விட்டு, அது அடைபடாமல் பார்த்துக்கொள்வதே பரிகாரம். அடியில் உப்பு நீர் தேங்கினால் அலுமினியமும் அதனைத் தொட்டிருக்கும் வேறு உலோகமும் சேர்ந்து அரிப்பு உண்டாகும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

நொச்சிக்குப்பம் முதல் சீனிவாசபுரம் வரையுள்ள சாந்தோம் கரையில் இன்று பெரும்பாலும் காணப்படுவன இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள். அவற்றிலும் விளக்குக் கம்பம், கொடிக்கம்பம், குழாய் முதலியன தளத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களில் இதே விதி செல்லும். ஆகவே சங்கங்கள் ஆண்டுதோறும் புரட்டாசி மாதத்தில், மழை தொடங்குமுன், கடனில் உள்ள படகுகளை இருவர் இருவராகச் சோதித்துக் குறிப்பேட்டில் பதியச் செய்யலாம். கித்தான், கயிறு, பசை ஆகியவற்றை மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்குப் பகிர்ந்தளிக்கலாம். ஒரு முழத் துணியும் ஒரு பொழுது உழைப்பும் கொண்டு காக்கப்படுவது ஒருவரின் படகு மட்டுமன்று. அவருக்காகக் கையெழுத்திட்ட அயலாரின் குடும்பமும் அதனால் காக்கப்படுகிறது.